வால் பக்கத்துத் துண்டு

எங்கள் ஆய்வகத்தில் ஒரு கெட்ட வழக்கம் உண்டு. பரிசோதனையில் தேறிய மீனின் மிச்சத்தை முறை வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவோம். மீனைச் சரியாகக் குளிரில் வைக்காவிட்டால் அதில் ஹிஸ்டமின் என்ற நஞ்சு ஊறிவிடும். முகர்ந்தால் தெரியாது, வேகவைத்தாலும் போகாது. அதை அளப்பதுதான் எங்கள் பிழைப்பு.

அன்று என் முறை. அளவு பன்னிரண்டு; நூறு வரை பயமில்லை. பெட்டியில் 'தேறியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, வண்டிக்காரரிடம் கொடுத்து என் தங்கைக்கு அனுப்பினேன். மூச்சிரைப்புக்காரி, மீன் என்றால் உயிர்.

மதியம் தராசு வந்து நின்றான். என்னோடு வேலை பார்க்கிறவன்; எதையும் இரண்டு தரம் நிறுக்கிற ஆசாமி, அதனால் அந்தப் பேர்.

"அக்கா, காலையில சோதனைக்கு வால் பக்கமா வெட்டினீங்க?"

"அதுக்கென்ன இப்போ?"

"வயித்துப் பக்கம் ஒரு துண்டு போட்டுப் பார்த்தேன். ஆயிரத்து நூறு காட்டுது."

"உன் மெஷினைக் குப்பையில போடு!"

ஒரே மீனில் இடத்துக்கு இடம் அளவு மாறும் என்பது எனக்குத் தெரியாததா? சோம்பேறித்தனம், வேறென்ன! மறுபடி நானே போட்டேன். அதே எண். மிச்சத் துண்டை முகர்ந்தேன். அப்போதுதான் பிடித்த மீன் மாதிரி அத்தனை சுத்தமாக இருந்தது.

தங்கைக்குப் போன் போட்டேன்.

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்க்கா. மிளகே போடல, நாக்கெல்லாம் மிளகுக் காரம்! செம ருசி."

"துப்புடி! வாயில இருக்கறதைத் துப்பு!"

அவள் சிரித்தாள். எதைத் தின்றாலும் 'அதுல பூச்சி, இதுல விஷம்' என்று மிரட்டியே வளர்த்தவள் நான். எப்படி நம்புவாள்?

"போக்கா, உனக்கு வேற வேலையில்ல. முகம்தான் கொதிக்குது. கண்ணாடியில யாரோ நிக்கிற மாதிரி இருக்கு. ஒரே செவப்பு. வீக்கத்துல கண்ணு ரெண்டையும் காணோம்."

"கதவைத் திற! பக்கத்து வீட்டுல சொல்லு!"

"மெதுவாப் பேசுறியே, கேக்கல."

நான் கத்திக்கொண்டிருந்தேன். பின்னால் தராசு ஆம்புலன்சுக்கு விலாசம் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் வார்த்தைகளுக்கு நடுவே மெல்லிய விசில் ஒன்று கேட்கத் தொடங்கியது.

"விளையாடலடி, சத்தியமா!" அழுதுவிட்டேன்.

"அப்போ ஏன்க்கா தேறிடுச்சுன்னு எழுதின?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பாடத்தில் சந்தேகம் கேட்கிற பிள்ளை மாதிரி கேட்டாள். அப்புறம் அந்த விசிலும் நின்றது. போனில் நொடிகள் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தன.