4417 இன்னும் திறக்கவில்லை

ஆஸ்பத்திரியில் அவனுக்குப் பெயரே பூட்டுக்காரர்தான். கம்ப்யூட்டர் பிரிவில் பதினோரு வருடம் குப்பை கொட்டியவன். நோயாளிகளின் பரிசோதனை முடிவுகள் ஆஸ்பத்திரி நெட்வொர்க்கை விட்டு மெயிலில் வெளியே போகும்போது, வேறு எவர் கண்ணிலும் படாமல் உரியவரிடம் மட்டும் போய்ச் சேர வேண்டும். அது அவன் பொறுப்பு. அதில் அவன் படு கறார். பெரிய டாக்டரே ஒருமுறை தன் சொந்த மெயிலிலிருந்து ஓர் அறிக்கையை அனுப்பிவிட்டு அவனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கறாருக்குக் காரணம் இருந்தது. மூன்று வருடம் முன்பு ஒரு பெண்ணின் அறிக்கை சாதாரண மெயிலாக அவள் வேலை பார்த்த இடத்துக்குப் போய்விட்டது. அவள் வாய் திறக்கும் முன்பே ஆபீஸ் முழுக்கத் தெரிந்துபோயிற்று. அவள் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் வந்து உட்கார்ந்து அழுததை அவன் பார்த்தான். அடுத்த மாதமே புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தான். இனி அறிக்கை நேராகப் போகாது. "உங்களுக்கு ஒரு ரகசியக் கடிதம் காத்திருக்கிறது, திறக்க இங்கே அழுத்தவும்" என்ற ஒரு வரிதான் போகும். பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்தாலும் எதுவும் தெரியக் கூடாது என்று ஆஸ்பத்திரியின் பெயரைக்கூட அதில் போடவில்லை. லிங்கை அழுத்தி ஒரு பாஸ்வேர்டு வைத்துக்கொண்டால் அறிக்கை திறக்கும். திறக்காதவர்களுக்கு இரண்டு முறை நினைவூட்டல் போகும். முப்பது நாளில் கடிதம் தானாகவே பூட்டிக்கொள்ளும். எந்த ஊழியரும் நோயாளியின் கடிதத்தைத் திறக்கக் கூடாது, அது யாருடையது என்று தேடக் கூடாது என்ற விதியையும் அவனே எழுதினான்.

வீட்டிலும் அவன் சும்மா இருக்கவில்லை. திருட்டு மெயில்களில் சிக்கிக்கொள்ளக் கூடாது என்று அம்மாவுக்கும் தங்கைக்கும் தங்கை வீட்டுக்காரருக்கும் பாடம் எடுத்தான். பாடம் எடுத்தால் பரீட்சை வைக்க வேண்டாமா? அவனே பொய் மெயில்களைத் தயாரித்து மூவருக்கும் அனுப்பினான். அம்மா மெயிலே பார்ப்பதில்லை, தப்பித்தாள். மாப்பிள்ளை சந்தேகப் பிராணி, அவரும் தப்பித்தார். தங்கைதான் பரிசு விழுந்திருக்கிறது என்று நம்பி லிங்கை அழுத்தினாள். திரையில் "மாட்டினியா வாலு?" என்று வந்தது. வாலு என்பது சின்ன வயதிலிருந்து அவன் அவளைக் கூப்பிடும் பெயர். அந்தக் கதையை ஒரு வருடம், வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவளும் கூடவே சிரித்தாள். கொஞ்சம் முகம் சிவக்கச் சிரித்தாள்.

போன வருடக் கடைசியில் அவளுக்கு மார்பில் ஒரு சின்னக் கட்டி. அண்ணன் வேலை பார்க்கும் இடமாயிற்றே என்று அங்கேயே வந்து சதை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தாள். முடிவு மெயிலில் வரும் என்றார்கள். அவள் ஆஸ்பத்திரி பெயர் போட்ட மெயிலுக்காகக் காத்திருந்தாள். நினைத்திருந்தால் அவன் லேப்பில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தங்கையாகவே இருந்தாலும் விதி விதிதான் என்று அதில் அவனுக்கு ஒரு பெருமை.

ஒரு நாள் காலை அவன் பழுதான கம்ப்யூட்டர் ஒன்றைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவள் போன் செய்தாள்.

"அண்ணா, யாருன்னே தெரியாத ஒரு மெயில். லிங்கை அழுத்துன்னு சொல்லுது. என்ன செய்ய?"

"இதுக்கெல்லாம் ஒரு போனா? அழிச்சிடு."

"மறுபடி வந்தா?"

"மறுபடி அழி. சமத்து." போனைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். என்ன மெயில் என்று அவன் கேட்கவில்லை.

வாரா வாரம் திங்கட்கிழமை, திறக்கப்படாத கடிதங்களின் பட்டியல் அவன் மேசைக்கு வரும். பெயர் இருக்காது, நோயாளி எண் மட்டும்தான். அந்த மாதம் முழுக்க 4417 என்ற எண் பட்டியலில் இருந்தது. லேப்பில் கடிதங்களை அனுப்பும் கிளார்க் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை.

"சார், இந்த நாலு நாலு ஒண்ணு ஏழு இன்னும் திறக்கவே இல்ல. ஒரு போன் போட்டுப் பார்க்கட்டுமா?"

"போனை எடுக்கறது யாருன்னு நமக்கு எப்படித் தெரியும்? அந்தப் பொண்ணு கதை மறந்துடுச்சா?"

"இல்ல சார், ஏதாவது முக்கியமா இருந்தா..."

"இருந்தா டாக்டர் ரூம்லேர்ந்து கூப்பிடுவாங்க. சில பேருக்கு மெயில் திறக்கவே சோம்பேறித்தனம்மா. அதுக்கு நாம என்ன பண்ண முடியும்?"

டாக்டர் அறையிலோ, அனுப்பியாயிற்று என்ற குறியைப் பார்த்துவிட்டு, நோயாளி வேறு எங்கோ காட்டுகிறார் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். முப்பதாம் நாள் 4417 பூட்டிக்கொண்டது. பட்டியல் சுத்தமாகிவிட்டது என்று அவனுக்குத் திருப்திகூட.

தங்கையும் நிம்மதியாகத்தான் இருந்தாள். "ஒண்ணும் வரலண்ணா. ஏதாவதுன்னா கூப்பிட்டிருப்பாங்கல்ல?" என்றாள். அவனும் ஆமாம் என்றான். ஐந்து மாதம் அப்படியே ஓடியது.

முதுகில் வலி வந்த பிறகுதான் மறுபடி டாக்டரிடம் போனார்கள். அவன்தான் கூட்டிக்கொண்டு போனான். டாக்டர் பழைய அறிக்கையைத் திரையில் பார்த்துவிட்டு, "ஏம்மா, அப்பவே வரச் சொல்லி அனுப்பியிருக்கோமே. அப்போ ரொம்பச் சின்னது. ஒரு ஆபரேஷனோட போயிருக்கும்" என்றார். தங்கை, தனக்கு எதுவும் வரவில்லை என்றாள். புதிதாக ஸ்கேன் எடுக்க ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். சீட்டின் மூலையில் நோயாளி எண் இருந்தது. 4417.

அவன் அதை இரண்டு முறை படித்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள், "லேப்ல மறந்துட்டாங்க போல. நீ போய் யாரையும் திட்டாதேண்ணா, பாவம்" என்று அவன் கையைத் தட்டிக்கொடுத்தாள். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தான். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். அன்றிலிருந்து எட்டு நாள், நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டான்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனான். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். அவள் சாப்பாட்டு மேசையில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அதற்குள் அவள் போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தாள்.

"பாரு, மறுபடி வந்துட்டான் அந்தத் திருடன்" என்று திரையை அவன் பக்கம் திருப்பினாள். உங்களுக்கு ஒரு ரகசியக் கடிதம் காத்திருக்கிறது. அவள் விரல் அழிக்கப் போனது.

"வேணாம். அழிக்காதே."

"ஏன்?"

"அது ஆஸ்பத்திரியிலேர்ந்து வருது. ஸ்கேன் ரிசல்ட். இப்படித்தான் வரும். நான் செஞ்ச ஏற்பாடு."

மடித்துக்கொண்டிருந்த சட்டை அவள் கையிலேயே நின்றது. "இதே மாதிரி மூணு வந்துச்சே" என்றாள்.

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"எட்டு நாளா."

அவள் சட்டையை மடித்து முடித்தாள். அடுக்கின் மேல் வைத்தாள். "முதல்ல வந்தப்போ நீதான் மறுபடி விளையாடறேன்னு நினைச்சேன். இந்தத் தடவை மாட்டிக்கக் கூடாதுன்னு இருந்தேன்" என்றாள். பிறகு மெதுவாக, "அப்பவும் உன்கிட்ட கேட்டுட்டுத்தானே அழிச்சேன்" என்றாள்.

குரலில் கோபம் இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். இல்லை. அவன் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதான். நாற்பத்தாறு வயது ஆள், வெட்கமில்லாமல் விக்கி விக்கி அழுதான். அவள் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். லிங்கை அழுத்தினாள். பாஸ்வேர்டு கேட்டது. நெருங்கிய உறவினரிடமும் சொல்ல வேண்டாம் என்று அதன் கீழே ஒரு வரி இருந்தது. அதுவும் அவன் எழுதியதுதான்.

"வாலுன்னே வைக்கறேன்" என்று தட்டிவிட்டு, போனை அவனிடம் நீட்டினாள். "என்னால முடியாதுண்ணா. நீயே திறந்து படி."

திறந்தான். எலும்பு என்றிருந்தது, ஈரல் என்றிருந்தது. அதற்கு மேல் எழுத்து கலங்கியது.

"வாய்விட்டுப் படிண்ணா" என்றாள்.

படித்தான்.