நயினார் காலில் நுழைந்த திருடன்

மதியம் இரண்டாகப் போகிறது. சாப்பாட்டு கேரியர் வரவில்லை. பதிலாகத் திரிசலாவே வந்தாள்.

ஸ்கூட்டரை நிறுத்திய வேகத்திலேயே தெரிந்துவிட்டது, சங்கதி சரியில்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமலே கடைக்குள் நுழைந்து, நேராகப் பின்கட்டுக்கு நடந்தாள். அங்கே தேவசகாயம் எரிந்துபோன மோட்டார் ஒன்றுக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மறைக்காம சொல்லுங்க. எத்தினி நாளா நடக்குது?"

"இன்னா தங்கச்சி நடக்குது?"

"எங்க வீட்டுக்காரருக்கு நீங்க கறி வாங்கிக் குடுக்கறது."

தேவசகாயத்தின் கையிலிருந்த கம்பி அறுந்தது.

செஞ்சியில், திருவண்ணாமலை ரோட்டில் இருக்கும் அந்த மோட்டார் கடைக்கு இரண்டு கூட்டாளிகள். முன்பக்கம் உட்கார்ந்து பம்ப்செட் விற்பவர் திரிசலாவின் கணவர் மல்லிநாதன். சமணர். அந்தப் பக்கத்துச் சமணர்களை அழைப்பதுபோல், தேவசகாயத்துக்கு அவர் 'நயினார்'. வெங்காயம் கிடையாது, பூண்டு கிடையாது, பூச்சி செத்துவிடக் கூடாதென்று வடிகட்டாத தண்ணீர் கிடையாது, பொழுது சாய்ந்துவிட்டால் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கிடையாது. பின்பக்கத்துக்காரர் தேவசகாயம் கத்தோலிக்கர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு அவர் போய் நிற்கும் இடம் ஆட்டுக்கறிக் கடை. இந்த இரண்டு பேரும் இத்தனை வருஷமாக மதியத்தில் ஒரே கேரியரைத்தான் பிரித்துச் சாப்பிடுகிறார்கள். திரிசலா கட்டி அனுப்புகிற கேரியர். மோர்க்குழம்பு, பாசிப்பருப்புக் கூட்டு, வாழைக்காய் வறுவல். அந்த வறுவலுக்காகத் தேவசகாயம் மதம் மாறமாட்டாரே தவிர, மற்ற எதையும் செய்வார்.

"தங்கச்சி, மாதா மேல ஆணையா..."

"மாதாவ இதுல இழுக்காதீங்க. டாக்டரே சொல்லிட்டாங்க. கவுட்டாம்!"

போன வாரம் ஆரம்பித்த கதை இது. மல்லிநாதனின் வலது கால் கட்டைவிரல் ஒரு காலையில் பழுத்த தக்காளி மாதிரி வீங்கிச் சிவந்து நின்றது. போர்வை நுனி பட்டால் கத்தினார். ஃபேன் காற்று பட்டாலும் கத்தினார். திரிசலா உடனே முடிவு கட்டிவிட்டாள். மேல்சித்தாமூரில் இருக்கும் அவள் அக்காவுக்கு விரல்களெல்லாம் இப்படித்தான் வீங்கும். சரவாங்கி. உடம்பைக் காக்கவேண்டிய சக்தியே உடம்பைத் தாக்கும் ஆட்டோ இம்யூன் நோய் என்று அந்தக் குடும்பத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். 'அக்காவுக்கு வந்தது இவருக்குமா!' என்று அழுதாள். கஞ்சி வைத்து ஊட்டினாள். மல்லிநாதனும் வலியோடு வலியாக அந்தக் கவனிப்பை அனுபவித்தார்.

டாக்டர் அமிர்தவல்லி விரல் மூட்டிலிருந்து ஊசியால் கொஞ்சம் நீர் எடுத்து விழுப்புரத்துக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார். இன்று காலை ரிசல்ட் வந்தது: சரவாங்கி இல்லை, கவுட் என்னும் வேறொரு மூட்டு நோய். கஞ்சி நின்றது.

"போன்ல போட்டுப் பாத்தேண்ணே. ஆட்டுக்கறி, ஈரல், மீனு, பீரு. இதெல்லாம் சாப்புடறவங்களுக்கு வருதாம். இதுல எது எங்க வீட்ல இருக்குது? எல்லாம் உங்க வீட்லதான் இருக்குது!"

"பீரு இல்ல தங்கச்சி. வெரோனிகா விடமாட்டா."

"மத்ததெல்லாம் இருக்குதில்ல? போன மாசம் உங்க கோயில் திருவிழாவுக்குப் போனாரே, பிரியாணி அண்டா பக்கத்துல இன்னா வேல இவருக்கு?"

"சீரியல் செட்டு எரியல, பியூஸ் மாத்த வந்தாரு தாயி!"

"சாயங்காலம் டாக்டர்கிட்ட போறோம். நீங்களும் வர்றீங்க. அதுவரைக்கும் கேரியர் கிடையாது."

ஸ்கூட்டர் சீறிக்கொண்டு போனது. தேவசகாயத்துக்கு வயிறும் எரிந்தது, மனசும் எரிந்தது. வறுவல் போனால் போகிறது. 'அண்ணே' என்று வாய் நிறையக் கூப்பிடுகிற ஒருத்தி, தன் புருஷனைக் கெடுத்தவன் என்று பார்த்துவிட்டுப் போகிறாளே!

கிளினிக் பெஞ்சில் மல்லிநாதன் ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்திருந்தார். திரிசலா டோக்கன் வாங்கப் போன நேரம் பார்த்துத் தேவசகாயத்தின் காதருகே குனிந்தார்.

"தேவா, டாக்டரு கையில கால்ல வுழுந்தாவது ஆட்டோ இம்யூன்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லுய்யா."

"யோவ் நயினாரே, அது இன்னா வறுவலா, கேட்டு வாங்கறதுக்கு? அவ அக்கா படற பாடு உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும். ஆனா அக்காவ யாரும் கறி துன்னியான்னு கேக்கலியே!"

உள்ளே போனார்கள். டாக்டர் அமிர்தவல்லி விரலைத் தொடாமலே பார்த்தார். வீக்கம் வடிய ஆரம்பித்திருந்தது.

"உங்க அக்காவுக்கு இருக்கறதும் இதுவும் ஒண்ணில்லம்மா," என்றார் திரிசலாவிடம். "உடம்புல எதிர்ப்பு சக்தின்னு ஒண்ணு இருக்கு. வீட்டுக்குக் காவல் நாய் மாதிரி. ஆட்டோ இம்யூன்னா, அந்த நாய் குழம்பிப் போய், திருடன்னு நெனச்சி வீட்டுக்காரங்களையே கடிக்குது. இவருக்கு அப்படியில்ல. நெஜமாவே திருடன் பூந்துட்டான்."

"திருடனா?"

"யூரிக் ஆசிட். ரத்தத்துல அது அதிகமாயி, மூட்டுல ஊசி ஊசியா உப்பாப் படிஞ்சிருக்கு. மைக்ராஸ்கோப்ல தெளிவாத் தெரிஞ்சிது. நாய் அவனைப் பிடிக்கத்தான் பாயுது. பாயற வேகத்துல பானை, சட்டி எல்லாத்தையும் உருட்டுது. அந்த ரகளைதான் இந்த வீக்கமும் வலியும். ரெண்டு நோய்லயும் நாய் ஒண்ணுதான். அங்க அது ஆள் தெரியாம கடிக்குது. இங்க திருடனப் பாத்துக் கடிக்குது."

தேவசகாயத்துக்கு அந்த நாயைப் பிடித்துப்போயிற்று. திரிசலாவுக்குப் பிடிக்கவில்லை.

"அப்ப அந்தத் திருடன உள்ள வுட்டது யாரு டாக்டர்?" கேள்வி டாக்டருக்கு, பார்வை தேவசகாயத்துக்கு.

"கறி மட்டும்தான்னு இல்லம்மா. யூரிக் ஆசிட்ல பெரும்பங்கு உடம்பே தயார் பண்றது. கிட்னி அதை வெளிய தள்ளணும். சிலருக்குப் பரம்பரையாவே அந்தக் கதவு சின்னது. தண்ணி கொறஞ்சா இன்னும் அடைச்சிக்கும். சக்கரை போட்ட ஜூஸு, கூல்டிரிங்க்ஸும் ஏத்திவிடும்." டாக்டர் மல்லிநாதன் பக்கம் திரும்பினார். "அந்த மாதிரி ஏதாவது குடிக்கிறீங்களா?"

"நானா? வீட்ல வடிகட்டிக் காய்ச்சின தண்ணியத் தவிர வெளிய ஒரு சொட்டு தொடமாட்டேன் டாக்டர்."

சொல்லிவிட்டு வலது காதைத் தடவினார்.

தேவசகாயம் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடனுக்கு மோட்டார் கேட்டு வருகிற ஆளிடம் 'சரக்கு தீந்துபோச்சி' என்று சொல்லும்போதெல்லாம் மல்லிநாதனின் கை எங்கே போகும் என்பது அவருக்கு அத்துப்படி. வலது காதுக்குத்தான்.

வெளியே வந்ததும் திரிசலா தீர்ப்புச் சொன்னாள். "கறி இல்லாமயும் வரும்னு டாக்டர் சொல்றாங்க, சரி. ஆனா இவரு எதையோ மறைக்கறாரு. அது தெரியறவரைக்கும் ரெண்டு பேர் மேலயும் சந்தேகம்தான்."

மறுநாள் மனைவி வெரோனிகா கட்டிக் கொடுத்த மீன்குழம்பு தேவசகாயத்துக்கு இறங்கவில்லை. சாயங்காலம் மல்லிநாதன் கடையிலிருந்து எழுந்தார். "கால் வலிக்குது தேவா. வீட்டுக்குப் போறேன்." கை காதைத் தடவியது.

டி.வி.எஸ். ஃபிஃப்டி கிளம்பியது. வீடு இருந்தது கிழக்கே. வண்டி திரும்பியதோ சிங்கவரம் ரோட்டுக்கு!

தேவசகாயம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தன் பைக்கை உதைத்தார். இடையில் ஒரு டவுன் பஸ்ஸை விட்டுக்கொண்டு பின்தொடர்ந்தார். சந்தைக்கடை தாண்டியது. கறிக்கடை வந்தது. தேவசகாயம் சிலுவை போட்டுக்கொண்டார். மாதாவே, இங்க நிக்கக் கூடாது... வண்டி நிற்கவில்லை. ஊர் எல்லை தாண்டி, தனகோட்டியின் பெட்டிக்கடை முன்னால்தான் நின்றது.

மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிய மினி லாரி ஒன்று ஓரமாக நின்றிருந்தது. தேவசகாயம் அதன் பின்னால் பதுங்கி எட்டிப் பார்த்தார்.

தனகோட்டி எதுவும் கேட்கவில்லை. வாடிக்கைக்காரர் என்பது அதிலேயே தெரிந்தது. சில்லென்று, சர்க்கரை கரைத்த பன்னீர் சோடா ஒன்றை உடைத்து நீட்டினார். மல்லிநாதன் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். அடுத்தது. அதுவும் காலி. இன்னொன்று. இப்போது கண் செஞ்சிக் கோட்டை நிற்கும் ராஜகிரி மலைமேல் பதிந்திருந்தது. சூரியன் கோட்டை உச்சியை நெருங்க நெருங்க, குடிக்கிற வேகம் கூடியது.

தேவசகாயம் போனை எடுத்தார். "தங்கச்சி, திருடன் மாட்டிக்கினான். தனகோட்டி கடை. பறந்து வா!"

பறந்துதான் வந்தாள். மல்லிநாதன் பாட்டிலை வாயில் கவிழ்த்திருந்த நிலையில் கையும் களவுமாகப் பிடிபட்டார். சோடா மூக்கில் ஏறியது.

"சோடாவா?" என்றாள் திரிசலா. அவள் நம்பவில்லை. பாட்டிலைப் பிடுங்கி முகர்ந்தாள். "வெறும் பன்னீர் சோடாவா?"

"டெய்லி மூணு, நாலு போவும்மா," என்றார் தனகோட்டி பெருமையாக. "நயினாரு கை ராசி."

"கல்யாண வீட்ல கூட ஒரு வாய்த் தண்ணி வேணாம்னு சொல்றவரு, இங்க வந்து இத குடிக்கிறீங்களா? வடிகட்டாத தண்ணி!"

"இல்ல திரிசலா... கேஸு அடிச்ச தண்ணியில பூச்சி எங்க உயிரோட இருக்கப் போவுது?"

"அப்ப செத்த பூச்சியக் குடிச்சிங்களா?"

தேவசகாயம் லாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். திரிசலா அவரைப் பார்த்தாள். அவளும் சிரித்துவிட்டாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் வந்தது.

அதே நேரம் சூரியன் ராஜகிரிக்குப் பின்னால் மறைந்தது. மல்லிநாதன் சட்டென்று வாயைத் துடைத்துக்கொண்டார். "பொழுது சாஞ்சிடுச்சி. இனிமே காலையிலதான்."

"இன்னாது?" திரிசலா திரும்பினாள். "நாட்காட்டியில போட்ட அஸ்தமனத்துக்கு இன்னும் எவ்ளோ நேரம் இருக்குது! அந்தப் பக்கம் வயலெல்லாம் வெயில் அடிக்குது பாருங்க. சூரியன் எங்கியும் போவல, மலைக்குப் பின்னால நிக்குது."

"எங்க அப்பாரு மலையத்தான் கணக்கா வெச்சிருந்தாரு."

"அதான் சாயங்காலம் கடையில இருந்து வந்தா சொம்பத் தொடறதில்லியா? நான் தாகமில்லன்னு நெனச்சிக்கினு இருக்கேன். பகல்லயும் தண்ணி குடிக்காம வயித்த சோடாவுக்குக் காலியா வெச்சிருக்கறது. அப்பறம் ராத்திரி பூரா வறண்டு கெடக்கறது. டாக்டர் சொன்ன கதவு எப்டி தொறக்கும்?"

மல்லிநாதன் வலியில்லாத காலில் நின்றுகொண்டு, மறைந்த சூரியனைத் துரோகியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

திரிசலா தேவசகாயத்தின் முன்னால் வந்து நின்றாள். "அண்ணே, வாய்க்கு வந்ததப் பேசிட்டேன். மனசுல வெச்சிக்காதீங்க."

"மனசுல ஒண்ணுமில்ல தாயி. வயித்துலதான் ரெண்டு நாளா ஒண்ணுமில்ல."

மறுநாள் மதியம் கேரியர் வந்தது. எப்போதும் இல்லாத ஓர் அடுக்கு கூடுதலாக இருந்தது. அந்த அடுக்கு முழுக்க வாழைக்காய் வறுவல். கூடவே வடிகட்டிக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு பெரிய கேன் நிறைய. திரிசலாவே கொண்டுவந்து வைத்தாள்.

"அண்ணே, பொழுது சாயறதுக்குள்ள இது காலியாவணும். நாட்காட்டிப் பொழுது, மலைப் பொழுது இல்ல. மாத்திரையையும் வலி நின்னுபோச்சின்னு இவரா நிறுத்தக்கூடாதாம், டாக்டர் சொன்னாங்க. இனிமே இந்த வீட்டுக் காவல் நாயி நீங்கதான்."

"நல்ல உத்தியோகம் குடுத்தம்மா."

அவள் போனதும் மல்லிநாதன் ஒரு டம்ளர் தண்ணீரை மருந்து மாதிரி விழுங்கினார். வாசலில் வெயில் கொளுத்தியது. சோடாப் பெட்டிகள் குலுங்க ஒரு மூன்று சக்கர வண்டி கடையைத் தாண்டிப் போனது. அவர் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பியது.

தேவசகாயம், வாய் நிறைய வறுவலோடு, ஒரே ஒரு தடவை குரைத்தார்.