பத்துப் பேர், பத்துப் பூஜ்யம்

உத்திரமேரூரில், மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்த அந்தக் குறுங்கடன் நிறுவனக் கிளையில், செவ்வந்தியை அன்று யாரும் 'வா' என்றுகூடச் சொல்லவில்லை. ஆறு வருடம் இதே கிளையிலிருந்து வண்டியில் ஊர் ஊராகப் போய் வசூல் பார்த்தவள். இப்போது பயிற்சித் துறைக்கு மாற விண்ணப்பித்திருந்தாள். அதற்கு நிறுவனம் வைத்த நிபந்தனை ஒன்றுதான். சொந்தக் கிளையில் ஒரு வகுப்பு எடுக்க வேண்டும். முடிந்ததும் கேட்டவர்களுக்குக் கைப்பேசியில் இருபது கேள்வி. பத்துப் பேரில் எட்டுப் பேர் தேறினால் காஞ்சிபுரத்தில் பயிற்சியாளர் வேலை. தேறாவிட்டால் மறுபடியும் ஹெல்மெட், வெயில், தெருநாய்.

கிளை மேலாளர் கலைச்செல்வனுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. ஓடி ஓடி உழைக்கிற ஆளைத் தூக்கிக் கொடுக்க அவர் என்ன தர்மசத்திரமா நடத்துகிறார்? அதற்கும் மேலே, மாகறல் காலனிப் பெண் நின்று பேச, தான் உட்கார்ந்து கேட்பதென்பது அவருக்குத் தொண்டையில் மாட்டிய மீன்முள்.

"சீக்கிரம் ஆரம்பி. நாஷ்டாகூட துண்ணாம குந்திகினு கீறோம்," என்றார்.

கடன் வாங்கியவர்களிடம் வசூல்காரர்கள் நடந்துகொள்ள வேண்டிய முறைதான் பாடம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் யார் வாசலிலும் போய் நிற்கக் கூடாது என்று செவ்வந்தி சொன்னதும், கிளையின் மூத்த ஊழியர் துரை கையைத் தூக்கினார்.

"போன வருசம் நீயே ஏயு மணிக்குப் போய் நின்னியே. அது இன்னாம்மா?"

அறை முழுக்கச் சிரித்தது.

"தப்புதான் துரைண்ணே. தப்பு பண்ணவ சொன்னா நல்லா மனசுல நிக்கும்னுதான் சொல்லிக்கினு கீறேன்."

சிரிப்பு நின்றது. பகை நிற்கவில்லை. சென்னையிலிருந்து வந்திருந்த பயிற்சித் துறைத் தலைவி சசிரேகா, கடைசி வரிசையில் முகத்தில் ஒன்றும் காட்டாமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

தேர்வு எழுத அந்தக் கிளையில் ஒரு வழக்கம் உண்டு. கெட்டிக்காரரான துரை விடைகளை வாட்ஸ்அப் குழுவில் போடுவார். மற்றவர்கள் பார்த்துத் தட்டுவார்கள். அன்று தேநீர் இடைவேளையில் கலைச்செல்வன் துரையின் காதோடு ஏதோ பேசியதைச் செவ்வந்தி பார்த்தாள். என்ன பேசினார் என்பது முடிவு வந்தபோது தெரிந்தது.

"பத்துப் பேருக்கும் பூஜ்யம்," என்றார் சசிரேகா. "என்ன செவ்வந்தி இது?"

"பாவம் மேடம். பொண்ணுக்கு வசூல் வரும், வாத்தியார் வேல வரல," என்றார் கலைச்செல்வன். "திங்கக்கெயம வண்டிய எடுத்துடட்டும்."

செவ்வந்தி அந்தப் பத்துப் பூஜ்யங்களையும் மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள். பிடிபட்டது. இவர்கள் வசூல்காரர்கள். இலக்கு நூறு என்றால் நூறையும் முடித்துப் பழகியவர்கள். ஒன்று குறைந்தாலும் இதே மேலாளரிடம் வசவு. தப்பாகப் போடு என்றதும் அதையும் ஒன்று பாக்கியில்லாமல் முடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

"மேடம், ஒரு கேள்விக்கு நாலு பதில் கீது. கண்ண மூடிக்கினு தொட்டாக்கூட இருபதுக்கு அஞ்சு தேறும். ஒண்ணுகூட தேறலன்னா, எது சரின்னு தெரிஞ்ச ஆளு அத பாத்துப் பாத்து ஒதுக்கி கீறாரு. பாடம் அவ்ளோ நல்லா ஏறிகீது."

துரை மின்விசிறியைப் பார்த்தார். சசிரேகா தன் திரையை மெல்ல நகர்த்தினார்.

"பத்துப் பேருக்கும் ஒரே தப்பு. வரிசைகூட மாறல."

"நெட்டு சரியில்ல மேடம்," என்றார் கலைச்செல்வன்.

"அப்ப பேப்பர்ல எழுதலாம். போனெல்லாம் மேசைமேல வைங்க. நீங்களும்தான் சார். இதுலயும் தேறாதவங்க நாளையிலேர்ந்து வசூலுக்குப் போக முடியாது. விதி தெரியாத ஆள ஜனங்க வீட்டுக்கு நான் அனுப்ப மாட்டேன்."

விடைத்தாள் வாங்கும்போது துரை பல்லைக் கடித்தார். "எங்க பொயப்புல கைய வெச்சிட்டியேம்மா."

"குரூப்புல போட்டது நானாண்ணே?"

அரை மணி நேரம் பேனா கிறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஒன்பது பேர் தேறினார்கள். துரைக்குப் பத்தொன்பது. தேறாத ஒருவர் கலைச்செல்வன். எத்தனை மணி வரை வசூலுக்குப் போகலாம் என்ற கேள்விக்கு, 'மேலாளர் சொல்லும் நேரம் வரை' என்ற விடையை மனதார நம்பி வட்டமிட்டிருந்தார்.

செவ்வந்தியைக் கிளையிலிருந்து விடுவிக்கும் தாளைச் சசிரேகா மேலாளர் முன்னால் வைத்தார். மற்ற ஒன்பது பேரும் செவ்வந்தியைத் திரும்பிப் பாராமல் போனை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்கள். கலைச்செல்வன் தாள் கிழிகிற அழுத்தத்தில் கையெழுத்திட்டார்.

"போ. காஞ்சிவரத்துல உனக்கு நாற்காலி போட்டு வெச்சிருப்பாங்க. குந்தும்போது பாத்துக் குந்து."

"நின்னுக்கினுதான் சார் பாடம் எடுக்கணும். தேதி போடாம வுட்டுட்டீங்க பாருங்க."

அவர் தேதியையும் போட்டார்.