நொரீனை இழுத்த சனிக்கிழமை

நொரீன் முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒன்பது வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் பார்க்கிறேன், இன்னும் பழகவில்லை. பழகவும் மாட்டேன். என் தம்பி வென்டலைத் தண்ணீரில் விட்டுவிட்டுத் தனியாகக் கரையேறியவள் அவள்.

டூலி ஊற்றில் எங்கள் தொண்டர் கூட்டம் செய்வது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு இறங்கி, சுண்ணாம்புப் பாறையில் படியும் பாசியைத் தேய்க்கிறோம். களையைப் பிடுங்குகிறோம். வெயில் காலத்தில் குளிக்க வருகிற கும்பல் வீசிவிட்டுப் போன பீர் டப்பாக்களைப் பொறுக்குகிறோம். சம்பளம் கிடையாது. முடிந்ததும் ஆளுக்கு ஒரு கோப்பை அவித்த வேர்க்கடலை, அவ்வளவுதான்.

தண்ணீருக்குள் யாரும் தனியாகப் போவதில்லை. ஜோடிக்கு ஜோடிதான் பொறுப்பு. பாறையடியில் வென்டலுக்கு நெஞ்சு நின்றுபோன அன்று அவனுக்கு ஜோடி நொரீன். மேலே கொண்டுவந்துவிட்டாள். காற்றுச் சட்டையை ஊதி மிதக்கவும் வைத்துவிட்டாள். படிக்கட்டுப் பக்கம் இழுத்து வந்தவள், பாதி வழியில் விட்டாள். ஊற்று நீர் ஓடையாகி ஆற்றுக்குப் பாய்கிற இடம் அது. ஓட்டம் அவனை அடித்துக்கொண்டு போய், கரையோர சைப்ரஸ் மரங்கள் விழுந்து கிடந்த கட்டைக் குவியலில் செருகியது. கட்டைகளை அறுத்துத்தான் எடுத்தார்கள். மேலே வரும்போதே உயிர் இல்லை என்று மருத்துவர் சொன்னார். சொல்லட்டும். அவர் என்ன தண்ணீரிலா இருந்தார்?

அன்றைக்கு ஷெரிப் ஆபீசிலிருந்து வந்த பையன் அவளிடம் இதமாகத்தான் கேட்டான். "உருளைக் கழுத்துல பாசி இருந்திருக்கும். கை வழுக்கிடுச்சாம்மா?"

"வழுக்கல," என்றாள் நொரீன். "நான்தான் விட்டேன்."

நான் பக்கத்தில் நின்றிருந்தேன். வழுக்கியது என்று சொல்லியிருந்தால் என்றைக்காவது நான் ஆறியிருப்பேன். விட்டேன் என்றாளே, என்ன நெஞ்சழுத்தம்! அதை என்னால் விழுங்க முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் மூழ்கப் பழகினேன், ஐம்பது வயதில், குளிக்கும் தொட்டியில் தலையை முக்கவே பயந்தவள். வென்டலின் சனிக்கிழமைகளை அவளுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அவன் தேய்த்த பாறையை நான் தேய்க்கிறேன். கீழே, ஊற்றுக்கண்ணிலிருந்து வெள்ளை மணல் கொப்பளித்துக்கொண்டே இருக்கும் இடத்தில், அவன் என் பக்கத்தில் இருப்பதுபோல் இருக்கும். அது வேறு எங்கும் இல்லை. கல்லறைக்குப் போனால் எனக்குப் புல்தான் தெரிகிறது.

வென்டல் போன பிறகு, வருடத்துக்கு ஒரு முறை எங்களுக்குச் சோதனை உண்டு. மயங்கியதுபோல் கிடக்கும் ஜோடியை அடியிலிருந்து தூக்கி, ஓட்டத்தைக் குறுக்கே கடந்து படிக்கட்டுவரை இழுத்து வர வேண்டும். முடியாதவர்கள் அதோடு சரி, மறுபடி மூழ்கக் கூடாது. கரையில் உட்கார்ந்து குப்பைப் பை பிரிக்கலாம். எனக்குப் பனிக்காலத்திலிருந்து வலது தோள் சரியில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஜோடிகளை, மூழ்கும்போது மாட்டும் முகமூடிக் கண்ணாடிக்குள் சீட்டுப் போட்டு எடுப்பது வழக்கம். என் சீட்டும் நொரீன் சீட்டும் சேர்ந்து வராதபடி பழைய பொறுப்பாளர் ஏதோ தில்லுமுல்லு செய்துவந்தார். அவர் ஓய்வு பெற்று, ஹாலிஸ் என்ற புது ஆள் வந்திருந்தான். நல்ல பையன், ஊர்க்கதை தெரியாது. "மாவிஸ், நொரீன்!" என்று உற்சாகமாகப் படித்தான். கரையில் பட்டை மாட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பி எங்கள் இருவரையும் பார்த்தார்கள்.

"வேற சீட்டு எடு தம்பி," என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல," என்றாள் நொரீன். "நான் பொணம். அவ இழுக்கட்டும்."

"பொணத்துக்கு இந்தக் கனம் பத்தாது," என்றேன்.

"காலையில பிஸ்கட் ரொட்டியும் கறி கிரேவியும் ஒரு கட்டு கட்டினேன். பத்தலன்னா சொல்லு, இன்னொரு தட்டு தின்னுட்டு வரேன்."

இறங்குவதற்கு முன் ஒருவர் கட்டுகளை ஒருவர் சோதிக்க வேண்டும். அவள் என் பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள், காற்றுக் குழாயைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். அவ்வளவு கவனம் எனக்கு அருவருப்பாக இருந்தது. வலது தோளருகே அவள் கை நின்றது.

"இந்தத் தோளுக்கு என்ன?"

"உனக்கென்ன வந்துச்சு?"

"நான்தானே தொங்கப்போறேன்."

"தொங்கு, வாயை மூடிக்கிட்டுத் தொங்கு."

அடியில் அவள் மணலில் சாய்ந்து கண்ணை மூடினாள். எங்கள் கூட்டத்திலேயே நல்ல பிணம் அவள்தான். மற்றவர்கள் இரக்கப்பட்டு யாருக்கும் தெரியாமல் ஒரு உதை உதைத்து உதவுவார்கள். நொரீன் விரலைக்கூட அசைக்க மாட்டாள். பொறுப்பாளர் விசில் அடித்தால்தான் உயிர் வரும்.

மேலே கொண்டுவந்தேன். அவள் காற்றுச் சட்டையை ஊதினேன். உருளையின் கழுத்தைப் பிடித்து மல்லாக்க இழுத்துக்கொண்டு ஓட்டத்தில் நுழைந்தேன். பாதி தூரம் ஒன்றும் தெரியவில்லை, கோபமே இழுத்தது. இவளை விட மாட்டேன், இவள் விட்ட இடத்தில் நான் விட மாட்டேன் என்று காலில் மாட்டிய துடுப்பை அடித்தேன். தோளில் காய்ச்சிய கம்பியைச் சொருகியதுபோல் ஒரு வலி. படிக்கட்டைப் பார்த்தேன். திரும்பிப் பார்த்தபோது என் கை விரிந்திருந்தது.

விட வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. ஆனால் வழுக்கவும் இல்லை. உருளை உலர்ந்த மரம்போலச் சொரசொரவென்று என் கைக்குள் இருந்தது, நான்தான் விரலைத் திறந்தேன்.

அவள் மல்லாந்தபடி போய்க்கொண்டிருந்தாள், கட்டைக் குவியலைப் பார்த்து. கண் மூடியபடி.

"நொரீன்! நீந்து!" என்று அலறினேன். "நடிச்சது போதும்டி சனியனே, நீந்து!"

அசையவில்லை. வென்டலும் இப்படித்தான் போயிருப்பான், இதே வெயிலில், இதே வேகத்தில். பின்னால் ஒருத்தி கையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள். எனக்கு அழுகை வந்தது. முகமூடிக்குள் அழுவதுபோல் அவஸ்தை வேறு இல்லை, துடைக்கவும் முடியாது.

வென்டலுக்குப் பிறகு ஓடையின் குறுக்கே கட்டிய கயிறு அவளைத் தடுத்தது. அதில் சாய்ந்து கிடந்தாள். ஹாலிஸ் பதறிப்போய் விசில் அடித்தான். அப்புறம்தான் கண்ணைத் திறந்தாள்.

கரையில் எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். வேண்டுமென்றே செய்தாள் என்று பாதிப் பேர் முகத்தில் எழுதியிருந்தது.

"கை வழுக்கிடுச்சா, மாவிஸ்?" என்றான் ஹாலிஸ். இதமாகத்தான் கேட்டான். "பாசியா இருக்கும். வழுக்கினா கணக்குல வராது. கொஞ்சம் ஆறிட்டு இன்னொரு தடவை இழுங்க."

ஒரு வார்த்தைதான். அதைச் சொன்னால் பாறை எனக்கு, மணல் எனக்கு, சனிக்கிழமை எனக்கு. மற்றவர்களும் தலையாட்டத் தயாராக இருந்தார்கள். நொரீன் மட்டும் கொஞ்சம் தள்ளி, கால் துடுப்பைக் கழற்றியபடி என்னைப் பார்க்காமல் நின்றாள். அவளை அறையலாம்போல் இருந்தது.

"வழுக்கல," என்றேன். "நான்தான் விட்டேன்."

ஹாலிஸின் முகம் வாடிப்போனது. "அப்படின்னா உங்களை இனிமே கீழ இறக்க முடியாதே," என்றான் மெதுவாக.

"தெரியும்."

உருளையைக் கழற்றிப் புல்லில் போட்டேன். கூட்டம் கலைந்தது. யாரோ கையில் ஒரு கோப்பை கடலையைத் திணித்துவிட்டுப் போனார்கள். தின்னப் பிடிக்கவில்லை. ஊற்றின் நடுவில் அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இனி மேலிருந்து பார்ப்பதோடு சரி.

நொரீன் ஈரம் சொட்டச் சொட்ட வந்து என் முன்னால் நின்றாள்.

"வழுக்கிடுச்சுன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல, லூசு," என்றாள்.

"நீ சொன்னியா?" என்றேன்.