கற்கால வேங்கையும் சித்தாண்டி அருமைநாயகமும்

சண்டை ஓய்ந்த வருசம், ஆனி மாதம், நாற்பத்திரண்டு வயதில் அருமைநாயகம் பெண் பார்க்கப் போனார். போன இடம் மட்டக்களப்பு டவுனில் ஒரு தியேட்டர்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மூன்று தங்கச்சிமாருக்கும் ஆளுக்கொரு வீடு கட்டிக் கரைசேர்த்துவிட்டு நிமிர்ந்தபோது தலையில் பாதி நரைத்திருந்தது. பெண்ணுக்கும் முப்பத்தெட்டு. மாங்கேணிச் சின்னத்தங்கம். புருசனைச் சுனாமி கொண்டுபோய் நாலரை வருசம். இந்த வயதில் பலகாரத் தட்டும் பட்டுச் சேலையுமாக ஊரைக் கூட்ட இருவருக்குமே வெட்கம். சித்தாண்டியில் நெல்லும் மாங்கேணியில் கருவாடும் வாங்கும் ஏறாவூர் உசனார்தான் இரண்டு பக்கத்தையும் அறிந்தவர். படத்துக்குப் போவது போலப் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வழி சொன்னவரும் அவரே.

சின்னத்தங்கம் ஏற்கெனவே இரண்டு பேரை வேண்டாமென்று அனுப்பியவள். பின்னேரம் ஊர் திரும்ப வாகரை பஸ் ஏறமுன் பதில் சொல்லிவிடுவாள் என்று பேச்சு. அருமைநாயகம் அவளை அந்தோனியார் கடைச் சந்தியில் ஒரு தரம் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறார். அன்று தொடக்கம் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

படத்தைத் தெரிவு செய்ததும் உசனார்தான். காதல் படம் என்றால் இந்த வயதில் நெளிய வேண்டிவரும். சண்டைப் படத்தைக் காசு கொடுத்துப் பார்க்க எங்கள் பக்கத்தில் ஆருக்கும் விசரில்லை. மிஞ்சியது 'கற்கால வேங்கை'. கோடி கோடியாகக் கொட்டி எடுத்த வெளிநாட்டுப் படமாம், தமிழில் பேசுகிறதாம். சுவரொட்டியில் உடம்பெல்லாம் மயிர் மூடிய ராட்சத ஆனைகள்.

"உனக்குத் தோதான படம் மச்சான். நீ தனிய நிண்டு ஆனை விரட்டின ஆளெண்டு அந்தப் புள்ளைக்கிட்டச் சொல்லி வெச்சிருக்கன்" என்றார் உசனார்.

"எப்ப விரட்டின நான்?"

"வாயை மூடிக்கொண்டு இரு. காரியம் நடக்கட்டும்."

இரண்டரை மணிக் காட்சி. வரிசையில் உசனார், அருமைநாயகம், நடுவில் சின்னத்தங்கத்தின் அக்கா அழகரத்தினம், அங்கால் சின்னத்தங்கம். அக்கா மலைபோல் இருந்ததால் பெண் பார்க்க வந்தவருக்குப் பெண்ணின் செருப்பு மட்டும்தான் தெரிந்தது. வேறு வழியில்லாமல் படத்தைப் பார்த்தார்.

அதுவொரு படமா! உறைபனிக்குள் கதாநாயகன் நெஞ்சைத் திறந்து போட்டுக்கொண்டு திரிகிறான். குகைக்குள் குடியிருக்கும் பெண்ணுக்குப் புருவம் மழித்து மை பூசியிருக்கிறது. கல்லால் இறைச்சி வெட்டும் கிழவன் மெட்ராஸ் தமிழில் வசனம் பேசுகிறான். முன்வரிசையில் ஒருவர் குறட்டையே விட்டார். இவ்வளவையும் அருமைநாயகம் பொறுத்துக்கொண்டார். ஆனைக் கூட்டம் ஓடிவர, கதாநாயகன் ஒற்றை ஈட்டியோடு முன்னால் போய் நின்று கத்தினானே, அங்கேதான் பொறுமை போய்விட்டது. இருபது வருசம் வட்டையில் வயல் காவலுக்குக் கிடந்த மனிதர் அல்லவா.

"டேய், காத்து எந்தப் பக்கம் அடிக்குதெண்டு பாத்தியாடா? ஆனைக்கு முன்னால போய் ஆராவது நிப்பானா? ஓடடா மடையா!"

தியேட்டரே திரும்பிப் பார்த்தது. உசனார் தொடையில் கிள்ளினார். அக்காவுக்கு அங்கால் சின்னத்தங்கம் சிரித்தாளா, முகம் சுளித்தாளா, தெரியவில்லை. எல்லாம் முடிந்தது என்று அருமைநாயகம் நினைத்துக்கொண்டார்.

படம் விட்டதும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துத் தேநீர்க் கடையில் நாலு பேரும் பிளேன்டீயோடு இருந்தார்கள். சின்னத்தங்கத்தை அப்போதுதான் நேரே பார்த்தார். மெலிந்த முகம். கண் மட்டும் ஆளை விடாது.

"இந்த உசனார் காக்கா சொன்னார், நீங்க தனிய நிண்டு ஆனை விரட்டினீங்களாம். மெய்யா?"

மேசைக்குக் கீழே உசனாரின் கால் இவர் காலை மிதித்தது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல் தொண்டைவரை வந்தது. ஆனால் சற்றுமுன் அதே பொய்யைத் திரையில் செய்தவனை ஊர் கேட்கத் திட்டியிருக்கிறாரே. அதைத் தானே எப்படிச் சொல்வது?

"பொய்" என்றார். "ஆனை வந்திச்சு. ஆனை வெடியைக் கீழ போட்டன், டோர்ச்சையும் கீழ போட்டன், சாரமும் கழண்டிட்டுது. திரும்பிப் பாக்காம ஓடினன். மூணு ஏக்கரையும் திண்டு மிதிச்சிட்டுத்தான் போச்சுது."

உசனார் தலையில் கைவைத்தார். அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சின்னத்தங்கம் சிரிக்கவில்லை.

"டோர்ச்சை எடுக்கவெண்டு திரும்பிப் போகல்லையா?"

"என்னத்துக்கு? உசிரிருந்தா டோர்ச் வாங்கலாம். நெல்லு அடுத்த போகமும் விளையும்தானே."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"என்ட மனுசன் என்னைப் பனங்காடு வரைக்கும் கூட்டிவந்து விட்டவர். முதல் தண்ணி வத்தின உடன, தோணி எஞ்சினைக் கழட்டிக்கொண்டு வாறன் எண்டு திரும்பிப் போனார். போகாதீங்க, போகாதீங்க எண்டு கத்தினன். ஊரெல்லாம் அவரை வீரன் எண்டுதான் சொல்லுது. எனக்கு அந்த மனுசனில இன்னும் கோபம். ஒரு எஞ்சினுக்காக என்னை விட்டிட்டுப் போனாரே எண்ட கோபம். இதை ஆரிட்டயும் சொன்னதில்ல. முதல்ல வந்த ரெண்டு பேரும் தங்கட வீரத்தைத்தான் சொன்னாங்க."

இதுவரை சிரித்துக்கொண்டிருந்த அக்காவின் கண் நிறைந்துவிட்டது. அருமைநாயகத்துக்கு ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் போலிருந்தது. வெளியே வாகரை பஸ்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான்.

அக்கா பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். சின்னத்தங்கம் எழும்பி இரண்டு அடி வைத்து, நின்றாள்.

"கலியாணம் முடிச்சா எங்கட பக்கம்தான் வந்து இருக்க வேணும். தெரியும்தானே? வீட்டுக்கு முன்னால கடல்."

"தெரியும்."

"தண்ணி வந்தா ஓடுவீங்களா?"

"ஓடுவன்" என்றார் அருமைநாயகம். அதைச் சொல்ல அவருக்குக் கொஞ்சமும் வெட்கமாக இருக்கவில்லை.

"ஓடக்குள்ள என்ட கையை விடப்படாது" என்றாள் சின்னத்தங்கம்.