உப்பில்லாமல் எழும்பிய ரொட்டி

ஐந்தாவது ரொட்டியும் நடுவில் குழிந்துதான் வந்தது. அண்ணன் அதைப் பாத்திரத்திலிருந்து தட்டிக் கவிழ்த்தான். குழிக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, இதில் சூப் ஊற்றிக் குடிக்கலாம் என்றான். அப்பா சிரிக்கவில்லை. ஓரத்தை மட்டும் பிய்த்து வாயில் போட்டார். வெகுநேரம் மென்றார். பிறகு தட்டை நகர்த்தி வைத்துவிட்டார்.

அப்பா இதயம் பலவீனமாகி, பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்திருந்தார். சாப்பாட்டில் உப்பு கூடவே கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். அந்தத் தண்ணீர் முதலில் காலில் சேரும், பிறகு நுரையீரலில். தினமும் காலையில் எடை பார்த்துக் குறிக்க வேண்டும். மளமளவென்று ஏறினால் தண்ணீர் சேர்கிறது என்று அர்த்தம். அதே சமயம் ஐம்பத்தெட்டு கிலோவுக்குக் கீழே போனாலும் திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும் என்றார்கள். எடை குறிப்பது என் வேலை. அன்று ஐம்பத்தெட்டு புள்ளி நான்கு. தினமும் இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா சாப்பிடுவதில்லை, அதுதான் காரணம்.

முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர் அவர். முதல் வண்டி எடுப்பதற்கு முன்னால் நாலு துண்டு ரொட்டியும் ஒரு டீயும். ஓய்வு பெற்ற பிறகும் அது மாறவில்லை. மற்றதையெல்லாம் உப்பில்லாமல் இரண்டு வாய் விழுங்கிவிட்டு எழுந்துவிடுவார். ரொட்டியை மட்டும் கேட்டார். கடை ரொட்டிகளின் உறைகளைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். உப்பு இல்லாத ரொட்டி ஒன்றுகூட இல்லை.

"இனிமே எவனும் என்னைப் பாத்து, நீ உப்புப் போட்டுத்தான் சாப்பிடறியான்னு கேக்க முடியாது," என்று வீட்டுக்கு வந்த முதல் நாள் சொன்னார். அதன் பிறகு அவர் வேடிக்கையாக எதுவும் பேசவில்லை.

அண்ணன்தான் ரொட்டி மெஷினை வாங்கி வந்தான். வெள்ளைப் பெட்டி. மூடியில் சின்னக் கண்ணாடி. உள்ளே ஒரு பாத்திரம், பாத்திரத்தின் அடியில் பிசைவதற்கு ஒரு பிளேடு. மாவும் தண்ணீரும் ஈஸ்ட்டும் போட்டு மூடினால் அதுவே பிசையும், அதுவே எழும்ப விடும், அதுவே சுடும். மூன்றரை மணி நேரம் கழித்து மணியடிக்கும். அண்ணன் அதற்கு வீட்டோடு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தான். ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, வேளா வேளைக்குப் போட்டதை வாங்கிக்கொண்டு, கொஞ்சம் சத்தம் மட்டும் போடுவதால்.

நான் வேதியியல் படித்தவள். குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். உப்பு இல்லாவிட்டால் ஈஸ்ட் கட்டுக்கடங்காமல் வேலை செய்யும் என்பது எனக்குத் தெரியும். மாவு சீக்கிரம் பொங்கும், பொங்கிய வேகத்தில் அமுங்கும். அதனால் ஈஸ்ட்டை மூன்றில் ஒரு பங்கு குறைத்தேன். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினேன். தண்ணீரின் அளவையும் குறைத்தேன். என் கணக்கில் தப்பில்லை. ரொட்டி மட்டும் ஐந்து முறை குழிந்தது.

ஒரு சிட்டிகை உப்பு போட்டால் உலகமா கவிழ்ந்துவிடும் என்று அண்ணன் கேட்டான். அண்ணி பிளேடில் ஒட்டியிருந்த மாவை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

அண்ணி ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறார். ஆள் உயரத்துக்கு ஆறு மெஷின்கள். ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் அறுபது கிலோ துணி பிடிக்கும். ஒரு முறை நான் அங்கே போயிருக்கிறேன். என்னோடு பேசிக்கொண்டே இருந்தவர், திரும்பிக்கூடப் பார்க்காமல், நாலாவது மெஷினில் போர்வை ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டது, நிறுத்து என்று யாரிடமோ சொன்னார். எனக்கு ஆறு மெஷின்களும் ஒரே இரைச்சலாகத்தான் கேட்டன.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆறாவது ரொட்டிக்கு மாவு போட்டேன். அண்ணி ஸ்டூலை இழுத்துப் போட்டு மெஷின் எதிரே உட்கார்ந்தார். அது தானே முடிக்கும், நீங்கள் ஓய்வெடுங்கள் என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. கையில் ஒரு டார்ச். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை கண்ணாடி வழியாக வெளிச்சம் அடித்துப் பார்த்து, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். மெஷின் கடைசியாக மாவை எழும்ப விடும் நேரம் ஐம்பத்தைந்து நிமிஷம். முப்பத்தைந்தாவது நிமிஷத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"இங்க பாரு விஞ்ஞானி. இப்ப உச்சியில இருக்கு. இன்னும் இருபது நிமிஷம் இது என்ன பண்ணும்?"

"எழும்பும்."

"எழும்பி முடிச்சாச்சே. இனிமே உக்காரும்."

நாங்கள் இருவரும் குனிந்து பார்த்தோம். மாவின் மேல் ஒரு குமிழ் வெடித்தது. இன்னொன்று. நடுப்பகுதி மெல்ல, பெருமூச்சு விட்டது போல இறங்கியது. ஐந்து முறை செய்தும் நான் ஒரு முறைகூட மூடிக்குள் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"புதுத் துண்டு வந்தா எங்க மெஷின்ல நுரை பொங்கி வழியும்," என்றார் அண்ணி. "அது பாட்டுக்கு ஓடட்டும்னு விட மாட்டோம். பாதியில நிறுத்தி, நேரா அலசறதுல கொண்டுபோய் விட்டுடுவோம். மெஷினுக்கு மணிதான் தெரியும். உள்ள இருக்கறது என்னன்னு அதுக்குத் தெரியாது. நாமதான் பாத்து சொல்லணும்."

அன்று தாமதமாகிவிட்டது. ஆறாவதும் குழிந்தது. ஏழாவதை அண்ணி முன்கூட்டியே நிறுத்தி, சுடுவதற்கு மட்டும் இருக்கும் பன்னிரண்டாம் எண்ணை அழுத்தினார். அது செங்கல் போல வந்தது. அவர் வருத்தப்படவில்லை. தாளில் நிமிஷத்தை எழுதி, பக்கத்தில் 'சீக்கிரம்' என்று எழுதினார். வியாழக்கிழமை, எட்டாவது ரொட்டியின் மாவு விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வரை எழும்பியபோது, நிறுத்தும் பொத்தானை மூன்று எண்ணும்வரை அழுத்திப் பிடித்தார். பன்னிரண்டை அழுத்தினார். ஒரு மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தோம்.

ரொட்டி குழியாமல் உப்பி நின்றது. மேலே பொன் நிறம், பக்கங்களில் இன்னும் கொஞ்சம் கறுப்பு. அப்பா முதல் துண்டை வெண்ணெய் இல்லாமல் சாப்பிட்டார். இரண்டாவதற்குக் கையை நீட்டினார்.

"ஏம்மா, இதுல நிஜமாவே உப்பு இல்லையா?"

"இல்ல மாமா."

"நம்ப முடியலையே," என்று மூன்றாவது துண்டை எடுத்தார்.

நானும் ஒரு துண்டு தின்றேன். எனக்கும் நம்ப முடியவில்லை. எழும்பியதற்குக் காரணம் தெரியும். ருசிக்குத்தான் தெரியவில்லை. நான் செய்த ஐந்தும் நனைந்த காகிதம் போல இருந்தன. இதில் லேசான புளிப்பும், அதற்குப் பின்னால் இன்னும் ஏதோ ஒன்றும் இருந்தது.

அப்பா சாப்பிட ஆரம்பித்தார். காலையில் மூன்று துண்டு, சாயங்காலம் இரண்டு. ரொட்டியோடு சேர்த்துக் காய், முட்டை எல்லாம் உள்ளே போயின. அண்ணி வேலை நேரத்துக்கு ஏற்ப ஒரு நாள் விட்டு ஒரு நாள் சுட்டார். வியாழக்கிழமை ஐம்பத்தெட்டு புள்ளி இரண்டாக இருந்த எடை, அடுத்த வியாழனில் ஐம்பத்தொன்பதைத் தொட்டது. அதற்கு மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, ஐம்பத்தொன்பது புள்ளி ஆறு.

பத்து நாளில் ஒரு கிலோ நானூறு கிராம். சாப்பாட்டால் ஏறியிருந்தால் சந்தோஷப்பட வேண்டும். தண்ணீராக இருந்தால் பயப்பட வேண்டும். எடை பார்க்கும் கருவி இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

அன்று காலை சமையலறையில் மெஷினுக்குப் பக்கத்தில் உப்பு ஜாடி இருந்தது. எங்கள் மூன்று பேருக்கும் உப்புப் போட்டுத்தான் சமையல் நடக்கிறது. ஜாடி அங்கே இருப்பதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. ஆனால் நான் பார்த்துவிட்டேன். ஒரு சிட்டிகை என்று அண்ணன் சொன்னதும், அண்ணி தலை குனிந்து பிளேடைச் சுரண்டியதும் ஞாபகம் வந்தன. அப்பா மூன்றாவது துண்டுக்குக் கை நீட்டியபோது அண்ணியின் முகத்தில் இருந்த மகிழ்ச்சியும்தான். அந்த மகிழ்ச்சிக்காக யாருமே ஒரு சிட்டிகை போட்டுவிடக்கூடும்.

கேட்டிருக்கலாம். எனக்குக் கேட்க வராது. வீட்டில் என்னை ஊமைக்கோட்டான் என்று கூப்பிடுவது சும்மா இல்லை. திங்கட்கிழமை ஒரு துண்டு ரொட்டியையும் கொஞ்சம் மாவையும் தனித்தனிக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

தண்ணீரில் உப்புப் பார்ப்பது என் தினசரி வேலை. சில்வர் நைட்ரேட் சில சொட்டு விட்டால் போதும். உப்பு இருந்தால் பால் போல வெளுக்கும். மதிய இடைவேளையில் மேலாளர் வெளியே போனதும் மூன்று சோதனைக் குழாய்களை எடுத்தேன். முதலாவதில் எங்கள் ரொட்டியை ஊற வைத்து வடிகட்டிய நீர். இரண்டாவதில் சக ஊழியரின் டப்பாவில் மிச்சமிருந்த கடை ரொட்டியின் நீர். மூன்றாவதில் நாங்கள் வாங்கும் மாவை மட்டும் கரைத்து வடிகட்டியது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. மூன்றிலும் சில சொட்டு அமிலம் விட்டேன். திருடுகிறவள் போலக் கதவைப் பார்த்துக்கொண்டே சில்வர் நைட்ரேட்டை விட்டேன்.

கடை ரொட்டி உடனே பாலாக மாறியது. எங்கள் ரொட்டி மெல்லிய மூட்டம். தனி மாவும் அதே மூட்டம்தான். எந்த மாவிலும் இயல்பாக இருக்கும் அளவு அது. இரண்டு குழாய்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் மாற்றி மாற்றிப் பிடித்தேன். எது எது என்று சொல்ல முடியவில்லை.

பஸ் ஸ்டாப் வரும்வரை நிம்மதியாக இருந்தது. அதன் பிறகு வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை, வாரம் ஒரு முறை வீட்டுக்கு வரும் நர்ஸ் வந்தார். எடைத் தாளைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார். குனிந்து அப்பாவின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை அழுத்தி, ஐந்து எண்ணி, எடுத்தார். தண்ணீர் இருந்தால் அந்த இடத்தில் பள்ளம் நிற்கும். பள்ளம் இல்லை. மற்றொரு காலிலும் இல்லை. முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து இரண்டு பக்கமும் கேட்டார். பிறகு என்ன சாப்பிடுகிறார் என்று விசாரித்தார். அப்பாவே ரொட்டியைக் காட்டினார், தன் பிள்ளை வாங்கிய பரிசைக் காட்டுகிறவர் போல.

"இது தண்ணி இல்ல," என்றார் நர்ஸ். "சதை. இப்படியே சாப்பிடட்டும்."

அண்ணி சாயங்காலம் வேலை முடிந்து வந்தார். நர்ஸ் சொன்னதை அப்பா வாசலிலேயே சொல்லிவிட்டார். அண்ணி தலையை ஆட்டிவிட்டு, சமையலறைக்கு வந்து கை கழுவினார். அவர் உடையில் எப்போதும் வெந்நீரும் சோப்பும் கலந்த வாசனை. நான் பின்னாலேயே போய் நின்றேன். நாலு தடவை வாயைத் திறந்து மூடினேன்.

"என்ன, வாய்க்குள்ள கொழுக்கட்டையா?"

சொன்னேன். எடை ஏறியது, ஜாடியைப் பார்த்தது, துண்டை எடுத்துக்கொண்டு போனது, மூன்று குழாய்கள். தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். உங்களைச் சந்தேகப்பட்டுவிட்டேன் அண்ணி என்று முடித்தேன்.

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க சலவையில தினமும் ஒரு துணியை எடுத்து கிருமி இருக்கான்னு லேபுக்கு அனுப்பறாங்க," என்றார். "இருபது வருஷமா நான்தான் துவைக்கறேன். இருபது வருஷமா அனுப்பறாங்க. ஒரு நாளும் எனக்குக் கோபம் வந்ததில்ல. அந்தத் துணியில ஆபரேஷன் பண்ணினவங்க படுக்கறாங்க." கை துடைத்த துண்டை மடித்து மாட்டினார். "சரி, ரிசல்ட் என்ன?"

"உப்பு இல்ல."

"தெரியும். எனக்குத் தெரியறது வேற, எழுத்துல இருக்கறது வேற. எழுதிக் குடு."

ருசியைப் பற்றியும் கேட்டேன். முந்தின நாளே ஒரு கரண்டி மாவைத் தண்ணீரில் கரைத்து, நாலே நாலு குருணை ஈஸ்ட் போட்டு மூடி வைத்துவிடுவாராம். மறுநாள் அது புளித்து வாசனை பிடித்திருக்கும். அதை மாவோடு சேர்த்துவிடுவார். சப்பென்று இருக்கிறதே, புளிப்பாவது இருக்கட்டும் என்று தோன்றியதாம். ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்றேன். யாரும் கேட்கவில்லையே என்றார். பல வருஷம் பாடப்புத்தகம் படித்த எனக்கு அது தோன்றவில்லை.

ஒரு தாளில் தேதி, மாதிரி, முறை, முடிவு என்று எழுதிக் கொடுத்தேன். அண்ணி அதைப் படித்தார். 'மெல்லிய மூட்டம்' என்றால் என்ன என்று கேட்டார். மாவிலேயே இருப்பது என்று விளக்கினேன். அப்படியானால் கீழே பெரிதாக 'பாஸ்' என்று எழுது, படிக்கிறவர்கள் பயப்படக் கூடாது என்றார். எழுதினேன். நிமிஷக் கணக்கு இருந்த காலண்டர் தாளுக்குப் பக்கத்தில், ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

"ஒரு விஷயம் மட்டும் பாக்கி," என்றார். "திங்கக்கிழமை ஒரு துண்டு குறைஞ்சதுன்னு உங்க அண்ணனைப் பிடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். மாமா ரொட்டியில கை வைக்கறியே, வெக்கமா இல்லையான்னு கேட்டேன். அந்த மனுஷன் நான் எடுக்கலைன்னு சத்தியம் பண்ணினார், நான் நம்பல. போய் நீயே சொல்லு."

போய்ச் சொன்னேன். அண்ணன் இரண்டு நாள் அதை வைத்தே வீட்டில் ராஜாவாக நடந்துகொண்டான்.

அடுத்த திங்கட்கிழமை காலை என் சாப்பாட்டு டப்பாவின் மேல் காகிதத்தில் சுற்றிய ஒரு துண்டு இருந்தது. மேலே அண்ணியின் கையெழுத்தில் தேதியும், 'ரொட்டி எண் பதினாறு' என்ற குறிப்பும். சோதித்தேன். அதே மூட்டம். இந்த முறை கதவைப் பார்க்கவில்லை. பாதித் துண்டு மீதி இருந்தது. பரிசோதனைக் கூடத்தில் எதுவும் சாப்பிடக் கூடாது என்பது விதி. அதனால் படிக்கட்டுக்குப் போய் நின்று தின்றேன். நன்றாக இருந்தது.