மாடத்தியாறு

பாலத்துக் கைப்பிடிச் சுவரில் என் கையகலத்துக்கு ஒரு 'மா', அதன் கால் ஈரமாய் வழிகிறது, கீழே செம்மண் தண்ணீர் போகிறது, மேற்கே மலையடியில் இதற்கு நரிப்பள்ளம் என்று பேர், தோப்புகளைத் தாண்டினால் பாலோடை, கிழக்கே குளத்தில் விழுகிற இடத்தில் வெறும் கால்வாய், எங்கள் ஊரை ஒட்டி ஓடும் அரைமைல் மட்டும் மாடத்தியாறு, மாடத்தி பூவம்மாச் சித்தியின் மகள், புல்லுக்கட்டோடு இறங்கியவளை ஐப்பசி வெள்ளம் கொண்டுபோனது, எங்கள் பக்கம் ஆள் விழுந்த தண்ணீருக்கு அந்த ஆளின் பேர்தான், பிள்ளைகள் பயந்து ஒதுங்கட்டும் என்று சொல்லத் தொடங்குவது, பிறகு பயம் போய்விடும், பேர் நிலைத்துவிடும்.

புதுப்பாலம் முடிந்ததும் இன்ஜினியர் ஆற்றின் பேரைக் கேட்டார், ஆளுக்கொன்று சொன்னார்கள், சாந்துச்சட்டியை இறக்கிவிட்டு நான்தான் சத்தமாக மாடத்தியாறு என்றேன், சரி, ஏதாவது ஒண்ண எழுதிட்டுச் சொல்லுங்க, அதையே ஆபீசுல ஏத்திக்கிடுதேன் என்று ஜீப்பில் ஏறினார், நம்ம ராத்திரிப் பள்ளிக்கூடத்துப் புலவர் இருக்கும்போது பெயிண்டர் எதுக்கு என்று மேஸ்திரி சிரித்தபடி பிரஷ்ஷை என்னிடம் நீட்டினார், நாற்பது வயதுக்கு மேல் எழுத்து படித்த கை, கடைசி எழுத்தை முடிக்கையில் பின்னால் சித்தி நிற்கிறாள், என்னல எழுதுத, ஆத்துப் பேரு சித்தி, வாசி, வாசித்தேன், அழிச்சிரு என்றாள், ஊரு வாயத்தான் என்னால பொத்த முடியல, செவராவது சும்மா கெடக்கட்டும்ல, என் தோளில் துணி கிடந்தது, பெயிண்ட் காயவில்லை, ஒரே இழுப்பில் போயிருக்கும், ஆபீசுல ஏத்தியாச்சு சித்தி, இனி என் கையில இல்ல என்றேன், பொய், அப்போது அந்தப் பேர் சுவரில் மட்டும்தான் இருந்தது, என் கையெழுத்தில், நான் எழுதி ஊர் பார்க்கிற முதல் எழுத்து, அழிக்க மனசு வரவில்லை.

அதன்பிறகு இரண்டு மழைக்காலம், பாலத்தில் பஸ் நிற்கிறது, மாடத்தியாறு எறங்கு, மாடத்தியாறு எறங்கு என்று கண்டக்டர் தினமும் கத்துகிறான், சித்தி அதைக் கேட்காமலிருக்க முந்தின நிறுத்தமான அரிசிமில்லிலேயே இறங்கி வெயிலில் நடக்கிறாள், நேற்றும் இறங்கினாள், பொறுக்கமாட்டாமல் நானும் எழுந்து பின்னால் போய் அவள் பையை வாங்கக் கை நீட்டினேன், கீழே நின்று திரும்பிப் பார்த்தாள், நீ ஏம்ல இங்க எறங்குத, எழுதுன எடத்துல போயி எறங்கு என்றாள், கண்டக்டர் விசில் அடித்தான், படியிலேயே நின்றேன், பையோடு அவள் புழுதியில் சின்னதாகிக்கொண்டே போனாள், பிறகு பாலம் வந்தது, கண்டக்டர் கத்தினான், பஸ் முழுக்க ஆள், இறங்கினது நான் ஒருத்தன்தான்.